சுரண்டி எடுத்த ஸ்பீடு பிரேக்கர்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே என் கிளினிக். படித்தது பிசியோதெரபி. ஊரில் எனக்குப் பேர் 'கரண்ட் வைக்கிற டாக்டரம்மா'. எவ்வளவு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாலும் கடைசியில், "அந்த கரண்டை மட்டும் ஒருக்கா வெச்சு உட்ருங்க" என்பார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் மெஷினை எடுத்து வலிக்கிற இடத்தில் வைப்பேன்.

குப்புசாமி அண்ணன் சொந்த லாரி ஓட்டுகிறவர். முதுகு வலியால் எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதல் நாள் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "லாரிய வித்துப்போடட்டுங்களா, வெச்சிருக்கட்டுங்களா?"

நான் பெரிய மேதாவி மாதிரி ஸ்கேன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். "டிஸ்க் தேஞ்சிருக்குங்க. ஒரு குலுக்கல் போதும், மோசமாயிடும். ஜாக்கிரதை." பொறுப்பாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அன்றிலிருந்து அவர் மனைவி ராசாத்தி அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவார். வழியில் ஒரு பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். பள்ளிக்கூட ஆர்ச் தெரிந்ததுமே கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். அப்படியும் முதுகில் சுளீர் என்று வெட்டுமாம். கட்டிலில் படுக்க வைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் முதுகைத் தொடவே விடுவார்.

ஒரு திங்கட்கிழமை சட்டையெல்லாம் வேர்வையில் நனைய உள்ளே வந்தார். "இன்னிக்கு அந்த ஸ்பீடு பிரேக்கர் என்னையக் கொன்னுபோட்டுதுங்க!"

ராசாத்தி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. "எந்த ஸ்பீடு பிரேக்கருங்க? யாரோ பெரிய ஆபீசர் வாராங்கன்னு நேத்தே அத சுரண்டி எடுத்துட்டாங்களே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பு. மனுஷன் முகம் சிவந்து எழுந்தார். "அப்ப நான் நடிக்கறனாக்கும்? லாரிய இன்னிக்கே வித்துப்போடறேன். நட புள்ள ஊட்டுக்கு!"

வாசலை மறித்து நின்றேன். "உட்காருங்கண்ணா. நடிக்கிறவருக்கு இப்படி வேர்க்குமா? வலி நெசந்தான். ரோட்டோரம் ஆடு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"பிரேக்கு மேல கால வெப்பேன்."

"ஆடு இன்னும் குறுக்கே வரலையே?"

"வந்தப்பறம் வெச்சா ஆடு இருக்குமா?"

"உங்க மூளையும் அதேதான் பண்ணுது. ஆர்ச்சைப் பார்த்ததும் அடி விழப்போகுதுன்னு கணக்குப் போட்டு, முன்னாடியே வலிய அனுப்பிடுது. உங்களக் காப்பாத்தத்தான்."

"ஆடே இல்லாத ரோட்டுலயுமா?" அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு மெல்லக் கேட்டார். "இத அதுக்கு யாருங்க கத்துக்குடுத்தது?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. "பாதி நான்தாண்ணா. ஒரு குலுக்கல் போதும்னு பயமுறுத்தினேன். உங்க வயசுல பாதிப் பேருக்கு டிஸ்க் தேஞ்சுதான் இருக்கும். வலியே இல்லாம வண்டி ஓட்டிட்டிருக்காங்க."

கரண்ட் வைப்பதை நிறுத்தினேன். முதல் வாரம் நின்ற லாரியில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்றேன். அடுத்து இன்ஜினைப் போட்டு உட்காரணும். அப்புறம் பட்டறைச் சந்தில் ஒரு சுற்று. நடுவில் இரண்டு தடவை வலி கூடி, "அக்கப்போரு உங்களோட" என்று திட்டிவிட்டுப் போனார். மறுநாளே வந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். வாசலில் ஏர் ஹாரன் அலறியது. அண்ணன் தானே லாரியை ஓட்டிவந்து இறங்கினார், பின்னாலேயே ராசாத்தி அக்கா. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி வழியெல்லாம் சண்டையாம், இறங்கியும் ஓயவில்லை.

"ஆர்ச்சுகிட்ட எப்படி இருந்துச்சுண்ணா?"

"என்னமோ பள்ளமுங்க, தூக்கிப் போட்டுது. ரோடு போட்டவன நாலு வார்த்தை வஞ்சேன்."

"பள்ளமில்லீங்க," என்றது அக்கா. "போன வாரமே மறுபடியும் ஸ்பீடு பிரேக்கர் போட்டுட்டாங்க. நாந்தான் சொல்லல."

அண்ணன் கை தானாக முதுகுக்குப் போனது. இங்கே அங்கே அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்கலியே!" பிறகு அக்காவைப் பார்த்து, "லாரிய விக்கறதில்ல புள்ள," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழைக்காலத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஓட்டுகிறார்.

நேற்று ஒரு கோழிப்பண்ணைக்காரர் ஸ்கேனை நீட்டி, "எல்லாம் தேஞ்சுபோச்சுங்களா?" என்று நடுங்கினார். பிலிமை உறைக்குள் போட்டேன். "எனக்குந்தான் தேஞ்சிருக்கு. வாங்க, டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."