நான் சொன்ன ஒரு ‘ஹௌது’

என் தங்கச்சி செத்த மறுநாள் காலையில் ஒரு டிவிக்காரன் என் மூஞ்சிக்கு நேராக மைக்கை நீட்டினான். நான் ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலில் நின்றிருந்தேன். பாடியை இன்னும் கொடுக்கவில்லை.

“நிம்ம தங்கி மொபைல்ல கேம் ஆட்தித்ரா?”

உங்கள் தங்கச்சி மொபைலில் கேம் ஆடுவாளா என்று கன்னடத்தில் கேட்கிறான். ஆடுவாள்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? “ஹௌது, ஆதரெ…” என்றேன். ஆமாம், ஆனால் என்று ஆரம்பித்தேன். அந்த ‘ஆனால்’ முடிவதற்குள் மைக் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சாயங்காலச் செய்தியில் ‘ஹௌது’ மட்டும் வந்தது. கேம் ஆடிக்கொண்டே ரோட்டைக் கடந்த பெண் பலி, அண்ணன் ஒப்புதல் என்று கீழே ஓடியது. ஒப்புதலாம். நான் என்ன கொலைக் கேஸிலா நின்றேன்?

அவளுக்கு இருபத்து மூன்று வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் லைனில் நின்று சர்க்யூட் போர்டு மாட்டும் வேலை. வீடு ஹெப்பகோடியில். அப்பா இல்லை. நான் கம்பெனி கேப் ஓட்டுகிறேன். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் பார்க்கிங்கில் சும்மா கிடக்க வேண்டும். அப்போது பழகியதுதான் அந்தத் துப்பாக்கி கேம். அவளுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பத்தே நாளில் என்னைவிட நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஒரு ஆட்டம். நான் வண்டிக்குள், அவள் பஸ்ஸில், காதில் ஹெட்ஃபோன்.

“ணா, எங்க போற? அங்க ஆள் இருக்கான், பின்னாடி வா.”

“நான் பாத்துக்கறேன், நீ மூடு.”

“பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே, விழுந்துட்ட. இரு, தூக்க வரேன். வண்டியையாவது ஒழுங்கா ஓட்டுறியா, இல்ல அதுவும் இப்படித்தானா?”

எதிரில் யாராவது வந்தால், “இவன்தான் எங்க சூப்பர்வைசர், விடாத ணா” என்பாள். சுட்டுவிட்டுச் சிரிப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களும் சிரிப்பது கேட்கும். வன்முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் நின்று, பாத்ரூம் போகக்கூட அந்த ஆளிடம் கேட்டு, அவன் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். அன்றன்றைக்கு அவள் சிரித்தது அந்த அரை மணி நேரம்தான்.

அவள் போன நாலாம் நாள் டீக்கடை டிவியில் விவாதம் பார்த்தேன். வன்முறை கேம்களைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா. ஒரு மனநல டாக்டர், ஒரு கட்சிக்காரர், கேம் ஆடியே பேர் வாங்கிய ஒரு பையன். மூலையில் என் தங்கச்சியின் ஐடி கார்டு போட்டோ. பக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. தடை வேண்டும் என்றவர் அவளைக் காட்டிக் கத்தினார். வேண்டாம் என்ற பையன், “அந்தப் பொண்ணு கவனமா இருந்திருக்கணும்” என்றான். அந்த ரோட்டில் லைட் எரிகிறதா, கடக்க ஒரு மேம்பாலமாவது இருக்கிறதா, டிப்பர் லாரி என்ன வேகத்தில் வந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

சட்டம் போடுங்கள். வயசுக் கட்டுப்பாடு வையுங்கள், நேரக் கட்டுப்பாடு வையுங்கள். எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அதற்கு என் தங்கச்சியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

டிவி சொன்னதை அம்மா நம்பினாள். “நீதானடா கத்துக்குடுத்த” என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இரண்டு வாரம் கழித்து போலீஸ் ஸ்டேஷனில் அவள் போனைக் கொடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. அதற்கு முன்பே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அந்த கேமில் நம் கூட்டாளி கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும். அவள் கடைசியாக வந்தது முந்தின நாள் சாயங்காலம். செத்த அன்று அவள் கேமைத் திறக்கவே இல்லை. பஸ்ஸில் கூட வந்த பெண்ணும் சொன்னாள், அன்றைக்கு சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாளாம். போனில் கடைசி அழைப்பு அம்மாவுக்கு, ஏழு மணி நாலு நிமிடம். ஸ்டேஷன் பேப்பரில் விபத்து நேரம் ஏழு ஐந்து என்றிருந்தது.

இதை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று வண்டியை வீட்டுக்கு விட்டேன். ஒரு வார்த்தை பேசுவாளே என்ற ஆசைதான். காரணம் கேமும் இல்லை, நானும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

உள்ளே பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸ விட்டு எறங்கினதும் மிஸ்டு கால் குடுடீன்னு நான்தானக்கா பழக்கி வச்சிருந்தேன். ரெண்டு ரிங் அடிச்சு கட் பண்ணிருவா. நான் தோசைக்கல்லப் போட்ருவேன். அன்னைக்கு கட் பண்ணவே இல்லக்கா. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கையெல்லாம் மாவு. எரிச்சல்ல, ‘கட் பண்ணித் தொலையேன்டி’ன்னு திட்டினேன். அதுக்கப்புறம்தான் அந்தப் பாழாப்போன கேம தொறந்திருக்கா.”

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் கட் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது ரிங்குக்குள் லாரி வந்துவிட்டது. கட் பண்ண விரல் இல்லை. ரோட்டில் கிடந்த போன் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கையில் போன் இருந்ததே அம்மாவுக்காகத்தான். கேம் இல்லை என்று நான் சொன்னால் அம்மா அடுத்து என்ன கேட்பாள்? அப்படியென்றால் போனில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பாள். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கை கால் கழுவப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் லேஅவுட் குடியிருப்பின் மகளிர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வன்முறை கேம்களைத் தடை செய்யச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு கொடுக்கிறார்களாம். பறிகொடுத்த தாயின் கடிதம் முதலில் இருந்தால் எடுபடும் என்றார்கள். கன்னடத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பேப்பரை வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா அந்தப் பேப்பரை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீ எழுதிக் குடுடா.”

ஏழு வாரத்துக்கு அப்புறம் அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எதிரில் உட்கார்ந்தேன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் கன்னடத்தில் எழுதினேன். என் மகள் நல்லவள். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இந்த கேம் ஆடிக்கொண்டே வந்ததால் லாரி வருவது தெரியாமல் செத்துப்போனாள். மற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கதி வரக்கூடாது.

பேனா இரண்டு இடத்தில் நின்றது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல, ஸ்பெல்லிங்.”

“கேம்தான் காரணம்னு நல்லாத் தெரியற மாதிரி எழுதினியா?”

“எழுதிட்டேம்மா.”

“படி.”

கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை படித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரைப் போட்டாள். பேப்பரை என்னிடம் நீட்டிவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.