தவசி கண்டெடுத்த சுவர்

தவசி அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் வரும், வாய் பிறகுதான் வரும். இதை நான் சொல்லவில்லை. எங்கள் கம்பெனி பிரிண்டிங் செக்‌ஷனில் அவரிடம் அறை வாங்கியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டை தேடுகிறவள். பேர் ரோஸ்மேரி, சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அண்ணனுக்கு உசிலம்பட்டிப் பக்கம். ரெண்டு பேரும் தெற்கத்தியாட்கள் என்ற ஒரே பாத்தியதையில் என்னைத் தங்கச்சி என்பார். அவரைப் பற்றித் திருப்பூரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

மீசை முளைக்கும் வயதில் ஊரில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு பஸ் ஏறியவர் அவர். இங்கே வந்தும் அடங்கவில்லை. கான்ட்ராக்டரை அடித்தார், டீக்கடைக்காரரை அடித்தார். தன் பெண்டாட்டி வேல்விழி மதினியையும் அடித்திருக்கிறார். அண்ணன் முறை என்பதற்காக அதை மூடி மறைக்க மாட்டேன். ஒருநாள் மதினி கிழிந்த உதட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு மானமுள்ளவன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பான். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த மாதமே மறுபடி கையை ஓங்கினார்.

இப்படிப்பட்ட ஆள் ஒரு வரலாற்று ஆய்வு வட்டத்தில் சேர்ந்தார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சேர்ந்ததும் அந்தக் கைக்காகத்தான். கன்னையன் என்று ஒரு பேராசிரியர், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு வக்கீல் ஆபீஸ் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாத்தியார்கள், வக்கீல்கள், கண்ணாடிக் கடைக்காரர் என்று கொஞ்சம் பேரைக் கூட்டிவைத்து வட்டம் நடத்தினார். காலையில் காட்டுக்குள்ளும் பாழ்மண்டபத்துக்குள்ளும் போய் நடுகல், பழைய சிற்பம் என்று தேடுவார்கள். மத்தியானம் மாடியில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். போகிற ஊரில் எல்லாம் புதையல் எடுக்க வந்த திருடர்கள் என்று சனம் விரட்டும். ஒரு ஊரில் பேராசிரியருக்கே முதுகில் நாலு விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம் தவசி அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தவசி, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சும்மா எங்ககூட வந்து நின்னாப் போதுமுங்க" என்றாராம்.

நிற்கப் போனவர் பார்க்க ஆரம்பித்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நான் நேரே அந்த மாடிக்குப் போய்விடுவேன். படித்தவர்கள் சண்டை போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அடேயப்பா! ஒரு சிற்பம் நாயக்கர் காலமா, மைசூர்க்காரர்கள் காலமா என்று ஆரம்பித்து, வக்கீல் ஒருநாள் டீ கிளாஸைச் சுவரில் எறிந்தார். இன்னொரு நாள் ரெண்டு வாத்தியார்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டவர் தவசி அண்ணன்தான்.

அவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைக் கண்டுபிடித்தாலும், கட்டுரை வெளியாகும்வரை திரும்ப மூடிவைத்துவிடுவார்கள். நடுகல் என்றால் மண்ணைத் தள்ளிவிடுவார்கள். பல்லடத்துப் பக்கம் வெள்ளியங்கிரி என்று இன்னொருவர் வட்டம் நடத்தினார். முன்பு கன்னையனின் உயிர்ச் சிநேகிதர். கன்னையன் கண்ட கல் ஒன்றை அவர் தன் பேரில் பேப்பரில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கன்னையனுக்கு வெள்ளியங்கிரி பயம் பேய் பயமாகிவிட்டது.

குன்னத்தூர் தாண்டி ஒரு குலக்கோயில். பனியன் கம்பெனி வைத்திருக்கும் திருமூர்த்தி என்பவரின் பங்காளிகளுக்குச் சொந்தம். வருசத்தில் சில நாள்தான் சனம் வரும். மற்ற நாளில் திறந்தபடி கிடக்கும். ஒரு ஞாயிறு அங்கே தூணில் இருந்த சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தடியோடு ஓடி வந்து பேராசிரியரின் மண்டையைக் குறிவைத்து வீசினார். தவசி அண்ணன் தடியைப் பிடுங்கி, அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து, மண்டபச் சுவரில் மோதினார். மோதிய வேகத்தில் சுவரிலிருந்து சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த ஆள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிட்டார், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சுண்ணாம்பு விழுந்த இடத்தில் காவிச் சிவப்பில் ஒரு குதிரைக் கால் தெரிந்தது.

பேராசிரியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முன்னூறு வருசமாவது இருக்குமுங்க" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு வந்த ஞாயிறுகளில் சுண்ணாம்பைச் சிறுகத்தியாலும் பஞ்சாலும் எடுத்தார்கள். பெரிய சண்டைக் காட்சி. குதிரை மேல் ஒருவன் ஈட்டியோடு வருகிறான். தரையில் வெட்டுப்பட்ட தலைகள். நடுவில் ஒருவன் இன்னொருவனின் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கத்தியை ஓங்கியிருக்கிறான். முடி பிடிபட்டவனின் முகத்தைச் சுத்தம் செய்தது தவசி அண்ணன். நாள் முழுக்க அதையே செய்தார், சோறு தின்ன வரவில்லை.

"இவென் மூஞ்சியப் பாருத்தா" என்றார் என்னிடம். "அடிக்கிறவனப் பாக்காத. அடிவாங்குறவனப் பாரு. நான் எத்தன பேர அடிச்சிருக்கேன், ஒருத்தன் மூஞ்சியக்கூட இப்பிடிப் பாத்ததில்ல."

"மதினி மூஞ்சியாவது பாத்திருக்கலாம்லண்ணே" என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

அவர் பஞ்சை எடுத்து மறுபடி அந்த முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஆனால் அதன் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் கை யார் மேலும் படவில்லை. இது சத்தியம். மதினியே என்னிடம் சொன்னாள். அவள் சந்தோசப்பட்டதைவிடப் பயந்துதான் போனாள், மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டதென்று.

அடுத்து வரவிருந்த வரலாற்றுக் கருத்தரங்கில் வாசிக்கும் கட்டுரையிலும், பிறகு அச்சாகும் மலரிலும் "கண்டெடுத்தவர் தவசி" என்று முதல் பேராகப் போடுவதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்தார். அண்ணன் அதைத் தூக்கத்திலும் உளறினார். ஊரிலும் இங்கேயும் அவருக்கு இருந்த ஒரே பேர் அடிதடி தவசி. வேறொரு பேர் அச்சில் வரப்போகிறது, அதை மதினி கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

முழுப்படமும் போட்டோ எடுத்த அன்று கன்னையன் அந்தப் பழைய பழக்கத்தைக் காட்டினார். "வெள்ளியங்கிரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வந்து பேப்பர்ல போட்டுருவானுங்க. கருத்தரங்கு முடியற வரைக்கும் மேல சுண்ணாம்பு அடிச்சு வெச்சுப்போடலாமுங்க."

"படத்துக்கு ஒண்ணும் ஆகாதா சார்?" என்று கேட்டாராம் அண்ணன்.

"இத்தன காலம் சுண்ணாம்புக்கு அடியிலதானுங்களே பத்திரமா இருந்துச்சு?"

"கோயில்காரவுகட்ட ஒரு வார்த்த சொல்லிரலாமே."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சுருமுங்க. வேண்டாமுங்க."

நான் அன்று போகவில்லை, எனக்கு ஓவர்டைம். இந்தப் பேச்சையும், பூச்சு மட்டையை எடுத்துச் சுண்ணாம்பு அடித்தது தான்தான் என்பதையும் தவசி அண்ணன் பிறகுதான் சொன்னார்.

கருத்தரங்குக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு புதன்கிழமை எங்கள் கம்பெனி வேன் டிரைவர் டீ நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார். "குன்னத்தூர் தாண்டி எங்கூர்ப் பக்கம் அந்தக் குலக்கோயல்ல திருப்பணி நடக்குதுங்க. சுவத்துல இருக்கற சுண்ணாம்பெல்லாம் மெஷின்ல மணலப் பீய்ச்சி எடுக்கறாங்க. கல்லு புதுசாட்டம் பளபளன்னு வருது."

தவசி அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். இவர் இன்றைக்கு ஒரு கொலை செய்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டேன். இறங்கச் சொல்லிக் கத்தினார், நான் இறங்கவில்லை.

மண்டபத்துக்குள் புழுதி மண்டிக் கிடந்தது. கம்ப்ரசர் போட்ட இரைச்சலில் காது அடைத்தது. வாயில் துணி கட்டிய வடக்கத்தி ஆள் ஒருவன் குழாயைப் பிடித்துச் சுவரில் மணலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். அவனுக்குக் காதும் கேட்கவில்லை, தமிழும் தெரியாது. அண்ணன் குறுக்கே போய் விழுந்தார். மணல் அவர் தோளில் அடித்து, சட்டையோடு தோலையும் உரித்துக்கொண்டு போனது. அப்படியே குழாயைப் பிடுங்கி, அதன் இரும்பு முனையால் அந்த ஆளின் முகத்தில் அடித்தார். விழுந்தவனின் மேல் உட்கார்ந்து மறுபடி அடித்தார். பல் தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. தாடை ஒருபக்கமாகக் கோணிப்போனது.

"விடுங்கண்ணே! செத்துருவான்! ஏசுவே, யாராவது வாங்களேன்!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என்னை உதறிவிட்டார். தூணில் போய் மோதினேன்.

வெளியே பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்தியும் ஆட்களும் ஓடி வந்து அவரைப் பிரித்தார்கள். கம்ப்ரசரை நிறுத்தினார்கள். புழுதி அடங்கியது. சுவர் வெறும் கல்லாக இருந்தது. குதிரையும் இல்லை, தலைகளும் இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் காவிச் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இங்க படம் இருந்துச்சய்யா. முன்னூறு வருசத்துப் படம்" என்றார் அண்ணன். அழுதுகொண்டே போட்டோக்களை செல்போனில் காட்டினார்.

திருமூர்த்தி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அந்த மனுஷன் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கண்ணாடி போட்டுப் பூட்டி வெச்சிருப்பமுங்களே. எங்க கோயலுங்க இது. எங்களுக்குத் தெரியாதுங்களே. ஏனுங்க சொல்லாம உட்டுட்டீங்க?"

 அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு கல்தூணுக்குப் பக்கத்தில் போய், முஷ்டியை மடக்கி, தூணில் ஓங்கிக் குத்தினார். மறுபடி குத்தினார். விரல் எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. "இந்தக் கைதான் பூசுச்சு, இந்தக் கைதான்" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினார். நாலு ஆள் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை. தூணெல்லாம் ரத்தம்.

அடிபட்ட ஆளையும் இவரையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாடையைக் கம்பியால் கட்டிப் படுக்கவைத்திருந்த அந்த மனுஷனுக்கு வேல்விழி மதினி தினமும் கஞ்சி கொண்டுபோனாள். அவன் முதலில் வாங்க மறுத்தான், பிறகு குடித்தான். கேஸ் இன்னும் நடக்கிறது. அண்ணன் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. அவன் என்ன பாவம் செய்தான்?

கன்னையன் ஆஸ்பத்திரிக்குக் கட்டுரையோடு வந்தார். படம் அழிந்துபோனதால் அந்தப் போட்டோக்களுக்கு மதிப்புக் கூடியிருந்தது. எங்கிருந்தெல்லாமோ கேட்டு போன் செய்கிறார்கள் என்றார். "முதல் பேரு உங்களுதுதானுங்க. நான் ரெண்டாவதுதானுங்க" என்று காட்டினார். அண்ணன் கை முழுக்கக் கட்டு. நான்தான் வாசித்தேன். கடைசிப் பத்தியில், திருப்பணியின்போது ஊராரின் அறியாமையால் ஓவியம் அழிக்கப்பட்டது என்று இருந்தது.

"நம்ம சுண்ணாம்பு அடிச்சத எங்க எழுதியிருக்கீக?" என்று கேட்டார் அண்ணன்.

"அதெல்லாம் ஆய்வுக் கட்டுரைல வராதுங்க தவசி."

"எழுதுங்க சார். நாங்கதான் மூடுனோம், ஊர்க்காரவுகட்ட சொல்லல, அதனால போச்சுனு ஒரு வரி எழுதுங்க. எழுதிட்டு எம்பேரப் போடுங்க. எழுத முடியலேன்னா எம்பேர எடுத்துருங்க."

பேராசிரியர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிக்கிறனுங்க" என்றார்.

நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். மலர் அச்சாகி வந்தது. மதினி பக்கத்தில் நிற்க, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணன் பேரும் இல்லை.