மூன்றாம் மாடிக்குப் போன தட்டு

அந்த முதியோர் இல்லத்தில் அவளைக் கடிகாரக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு பரிமாறுவது அவள் வேலை. பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்குத் தட்டு வந்துவிடும். ஒரு நிமிஷம் தாண்டினால் அவளுக்கே முகம் சுண்டிப்போகும். "வீட்ல மட்டும் இந்தக் கடிகாரம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்று புருஷன் வம்புக்கிழுப்பான்.

யாருக்கு உப்பைக் குறைக்கவேண்டும், யாருக்கு மசித்துக் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தட்டில் சீட்டு ஒட்டியிருந்தாலும், முகத்தை ஒரு தரம் பார்க்காமல் வைக்கமாட்டாள்.

சாப்பாட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் கீழே மணி அடிப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மூன்றாம் மாடி நர்ஸ், அங்கே தங்கியிருக்கும் சர்க்கரை நோயாளி டீச்சரம்மாவுக்கு இன்சுலின் ஊசி போடுவாள். ஊசி போட்ட கையோடு தட்டும் வந்துவிடும். ஆறு வருஷமாக ஒரு நாளும் பிசகவில்லை. பிசகாத வரைக்கும் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதானே!

அன்றைக்கு மணி அடித்தாயிற்று. லிஃப்ட் வண்டியோடு நடுவழியில் நின்றுவிட்டது.

"மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும்க்கா," என்றான் வாட்ச்மேன்.

அவளுக்கு டீச்சரம்மா நினைவுதான் வந்தது. மற்றவர்கள் பசி பொறுப்பார்கள். ஊசி போட்ட உடம்பு பொறுக்குமா? மாடிக்குப் போன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. சமையலறைக்கு ஓடினாள். பாத்திரங்கள் எல்லாம் வழித்துக் காலி. சமையல்காரர் தனக்குப் போட்டுக்கொண்ட தட்டு மட்டும் மேஜையில் இருந்தது. அதைத் தூக்கினாள்.

"அட, என் சாப்பாடும்மா அது!"

"டீச்சரம்மாவுக்கு ஊசி போட்டாச்சுண்ணே!"

"அப்ப நிக்காதே, ஓடு! இந்தா, சர்க்கரையையும் எடுத்துக்கோ!"

முட்டிவலிக்காரி மூன்று மாடியை எப்படி ஏறினாளோ, அவளுக்கே தெரியாது. டீச்சரம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை வெடவெடத்தது. பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த நர்ஸுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார்கள். நடுக்கம் அடங்கிய பிறகு கடிகாரக்கா ஸ்பூனை எடுத்தாள்.

நாலாவது வாய்க்கு டீச்சரம்மா கண்ணை நன்றாகத் திறந்தார்.

"இன்னிக்குத்தான் சாப்பாட்டுல உப்பு இருக்கு."

நர்ஸ் சிரித்தாள். கடிகாரக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள், கண்ணீர் முந்திக்கொண்டது. கடவுளே, உனக்குக் கோடி நன்றி என்று வாய்விட்டே சொன்னாள். தட்டு கண்ணெதிரே வந்த பிறகே ஊசி என்று நர்ஸ் அப்போதே பலகையில் எழுதிப் போட்டாள்.

கீழே சமையல்காரர் படியடியிலேயே நின்றிருந்தார். காலித் தட்டை அவரிடம் நீட்டி, "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்ண்ணே... பட்டினி போட்டுட்டேனே உங்கள," என்றாள்.

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழுசும் சாப்ட்டாங்களா?"

"முழுசும்."

"அப்புறமென்ன, எனக்கு வயிறு நெறஞ்சு போச்சும்மா."