காற்று ஒதுக்கிய தண்ணீர்

மரக்காணம் உப்பளத்துக் காவல்காரர் அவர். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கால்கள் உப்பில் வெடித்திருக்கும். நாலு எட்டு நடந்ததும் நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையிலிருந்து உதிரவிட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் வேதபாடம் நடத்தும்போது, மோசே ஜனங்களை நடத்திப்போன செங்கடலை வரைபடத்தில் காட்டினேன். எல்லோரும் போனபின் அவர் வாசலில் நின்றார்.

"அங்க இல்லீங்க சார். படத்துல அதுக்கு மேல, வடக்கால ஏரிங்க இருக்குது பாருங்க, அங்கதான். இடுப்பளவு தண்ணிதான். பலமா காத்து அடிச்சா ஒரு பக்கமா ஒதுங்கிடும், தரை தெரியும்."

"இடுப்பளவு தண்ணியிலயா பார்வோன் சேனை முழுகிச்சு?" என்று சிரித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம கழுவெளி ஏரியில தரை தெரிஞ்சுதுங்க. ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சு, குறுக்கால போயிடும்மான்னு எம் பொண்ண நான்தான் அனுப்பிவெச்சேன். பாதி தூரத்துல காத்து நின்னுடுச்சு. சேத்துல கால் மாட்டிக்கிச்சு. தண்ணி திரும்பி வந்துடுச்சு சார்."

பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்து உதிரவிட்டார். அது நேராக அவர் காலடியில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரைபடத்தைச் சுருட்ட எனக்குக் கை வரவில்லை.