எரித்தது உமி என்று எழுதினேன்

ஆலைகள் விடும் கரியமில வாயுவுக்கு வரம்பு வைத்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு, அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. விவேக் நகரில் காலையில் பஸ் ஏறும்போது நாட்டுக்கே நல்லது செய்யப் போகிறவள் மாதிரி நினைப்பு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

சந்தாபுரா தாண்டி ஒரு துணி ஆலை; அங்கே பேச்செல்லாம் கன்னடம். பாய்லரில் நெல் உமிதான் எரிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்; உமிப் புகை இந்தக் கணக்கில் சேராது. நான் போன அன்று உமி மூட்டைகள் சுவர் போல அடுக்கியிருந்தன. மேலாளர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மட்டும் தொண்டையில் எண்ணெயாக ஒட்டியது.

போன் வந்து அவர் வெளியே போனதும், பாய்லர் பார்க்கும் கிருஷ்ணகிரிக்காரர் கிட்டே வந்தார்.

"நீங்க தமிழாக்கா?"

"ஆமாண்ணா."

"இந்த உமி நேத்துதான் வந்துச்சு. நீங்க போனதும் போயிடும். எப்பவும் எரிக்கிறது அதோ, அது."

பின்பக்கம் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். பாலியஸ்டர் துண்டுகள், ரெக்சின், அறுத்துப்போட்ட செருப்பு அடிகள். பேசி முடித்து அவர் துப்பியது கறுப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் எழுதினேன். 'பாய்லர் ஊழியர் கூறியபடி' என்றும் சேர்த்தேன். ஆபீஸில் என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க போன அன்னைக்கு பாய்லர்ல என்ன எரிஞ்சுது?"

"உமி சார்."

"அதை எழுதுங்க. பொய்யா அது?"

பொய் இல்லை. மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரம்புக்குக் கீழே நின்றதாக அந்த ஆலைக்குச் சான்று கிடைத்தது. வரம்பில் மிஞ்சியதாகக் காட்டிய அளவை இன்னோர் ஆலை விலைக்கு வாங்கிக்கொண்டு அந்த அளவு கூடுதலாகப் புகைவிடலாம். சட்டத்தில் அதற்கும் இடமுண்டு.

அடுத்த முறை போனபோது பாய்லர் பக்கத்தில் வேறு ஆள். என் முதல் அறிக்கையை மேலதிகாரி ஆலைக்கே அனுப்பியிருந்தார் என்பது மேலாளர் மேசையில் அதைக் கண்டபோதுதான் தெரிந்தது. பாய்லரில் இருந்ததே இரண்டு பேர். அதில் தமிழ் பேசுகிறவர் ஒருவர்தான்.

"அவன் ஊருக்குப் போயிட்டான் மேடம்," என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே டீயை நீட்டியபடி.

வாங்கிக் குடித்தேன். கிருஷ்ணகிரிக்காரர் எங்கே போனார் என்று விசாரிக்கவில்லை. வேலையை விட்டது ஏழு மாதம் கழித்து, வேறு இடம் உறுதியான பிறகுதான்.