பவுடர் என்றுதான் நினைத்தோம்

1998 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது நாங்கள் அமெரிக்காவில், பிளசன்டனில் இருந்தோம். அன்றுதான் என் மனைவிக்கு முதல் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. நம் ஊர் வழக்கப்படி குளித்ததும் அக்குளிலும் மார்பிலும் பவுடர் தட்டிக்கொண்டு வந்திருந்தாள். படம் எடுக்கும் பெண் கேட்ட பிறகுதான் அது கூடாது என்றே எங்களுக்குத் தெரிந்தது. பவுடரும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுமாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்தார்கள்.

அடுத்த வாரம் போன் வந்தது. இடது மார்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, மறுபடி வாருங்கள் என்றார்கள்.

"சரியா தொடைச்சிருக்க மாட்டா. நம்ம பவுடர் மகிமை அவளுக்கு எங்க தெரியும்?" என்று சிரித்தாள் மனைவி. நானும் அதையே நம்பினேன்.

இரண்டாம் முறை பவுடர் போடாமல் போனாள். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன.

ஊசி வழியாக எடுத்த சதைத் துணுக்கில் புற்றுநோய் தெரிந்தது. ஆரம்ப நிலைதான், பால் குழாய்களுக்குள்ளேயே இருக்கிறது என்றார் அமெரிக்க சர்ஜன். படத்தில் புள்ளிகள் பட்டாணி அளவு இடத்துக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஏப்ரலில் ஆபரேஷன். வெட்டியெடுத்த துண்டையும் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எல்லாப் புள்ளிகளும் அதில் வந்துவிட்டன என்றார் சர்ஜன். மயக்கம் தெளிந்தவளிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.

பத்தாலஜி ரிப்போர்ட் வந்த அன்று, சர்ஜன் பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நோய் புள்ளிகளைத் தாண்டி, துண்டின் விளிம்புவரை பரவியிருந்தது. அந்த வெள்ளைப் புள்ளிகள் நோய் உள்ள இடத்தில் சேரும் கால்சியத் துகள்கள்; படம் காட்டியது அவற்றை மட்டுமே. துகள் சேராத இடத்து நோய் அதில் விழவில்லை. இனி முழு மார்பையும் எடுப்பதே நல்லது என்றார்.

"அப்ப அந்தப் படம் பொய்யா டாக்டர்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பொய்யில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றார் அவர்.

காரில் ஏறியதும், "உயிருக்குப் பயமில்லன்னு சொன்னாரே" என்றேன்.

"கேட்டுச்சு. நீங்க ரோட்டப் பாத்து டிரைவ் பண்ணுங்க."

மே மாதம் மார்பை எடுத்தார்கள். தையல் ஆறிய பிறகும் அவளால் இடது கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பவுடர் டப்பாவை என்னிடம் நீட்டினாள். வலது பக்கம் போட்டுவிட்டேன். இடது பக்கத் தழும்பருகே என் கை நின்றுவிட்டது.

"அங்கயும் போடுங்க. இனிமே அந்தப் பக்கம் யாரு படம் எடுக்கப் போறாங்க?"