அண்ணாவின் சார்பில் ஒரு கை

அடையாறில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் எட்டு வீடுகள். மூன்று வீட்டுக்காரர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அதில் ஒருவன் என் அண்ணா. அவன் வாங்கிப்போட்ட மூன்றாம் மாடி வீட்டில் நானும் அப்பாவும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடிமையியல் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு வெளியே எனக்கென்று இருந்த ஒரே மரியாதை, அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் பதவிதான்.

சங்க விதிகளை எழுதியதும் நான்தான். கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு சண்டைக்கார மனிதர் செயலாளராக ஆசைப்பட்டார். அவரைத் தடுக்க, சொந்தக்காரர்கள் மட்டுமே பதவி வகிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். கூட்டத்துக்கு நேரிலோ ஆள் மூலமோ வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒப்பினால்தான் கட்டணத்தை மாற்றலாம் என்று இன்னொரு வரி. யார் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று எனக்கும் உறைக்கவில்லை, கையெழுத்துப் போட்டவர்களுக்கும் உறைக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றியது. "லாரி இன்னிக்கும் வர்லம்மா. இன்னா பண்றது?" என்று வாட்ச்மேன் தினமும் என்னிடம்தான் கேட்டார். லாரி வந்த நாளில், வேண்டாம் என்றாலும் கேட்காமல் அப்பா வாளியோடு மூன்று மாடி ஏறினார். நடுவில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் இரட்டிப்புக் கட்டணம் தர வேண்டும் என்று நான் தீர்மானம் எழுதினேன். அதற்கு எல்லோரும் அமெரிக்க வரி என்று பெயர் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா போன் பண்ணினான்.

"ஏண்டி, இங்க சம்பளத்துல பாதி வரியாப் போறது, ஓட்டுக் கிடையாது. அங்கயும் என்னைக் கேக்காம வரியா? நீ எப்படி செகரட்டரி ஆனே? ஆத்துப் பத்திரம் என் பேர்லன்னா இருக்கு!"

அவன் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆத்திரத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வீட்டை விற்கிறேன் என்று சொல்லிவிட்டால் அப்பாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

இரண்டு வாரத்தில் அண்ணாவிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில், பதவிக்கு எனக்குத் தகுதி இல்லை என்ற புகார். மற்றதில், அண்ணாவின் சார்பில் வாக்களிக்க எனக்கே அதிகாரம், தீர்மானத்தை எதிர்த்து மட்டும்.

சங்கத் தலைவர் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கிழிச்சுப் போடுங்க டீச்சர். அங்கேருந்து வந்தா பாக்கப்போறாரு? நீங்கதான் செகரட்டரி, யாரு கேக்கறா?"

கிழிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். நாற்பது பெண்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

மொட்டைமாடியில் கூட்டம். இரண்டு தாளையும் நானே உரக்கப் படித்தேன். பதவியை விட்டேன். அந்த வாடகைக்காரர் கைகட்டி நின்று சிரித்தார். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். அப்பா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். வேறு ஒரு கையும் எழவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

கூட்டக் குறிப்பு எழுத ஆள் இல்லாததால் அதையும் என்னையே எழுதச் சொன்னார்கள். மூன்றாம் மாடிச் சொந்தக்காரர் எதிர்த்ததால் தீர்மானம் தோற்றது என்று எழுதினேன். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

மறுநாள் காலை லாரி ஹாரன் கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அப்பா அதற்குள் வாளியோடு இரண்டாம் மாடி வரை இறங்கியிருந்தார்.